கடைத்தெருவில் மாடுகள்

எங்கள் அப்பார்ட்மென்ட் லிஃப்ட் பக்கத்தில் அக்டோபர் கடைசியில் ஒரு தாள் ஒட்டுவார்கள். ஹாலோவீனுக்கு மிட்டாய் தர இஷ்டமுள்ளவர்கள் வீட்டு எண்ணை எழுதலாம். எழுதாத வீட்டுக் கதவைப் பிள்ளைகள் தட்டமாட்டார்கள்.

இந்தப் பதவிசு சும்மா வந்துவிடவில்லை. அமெரிக்காவில் மினியாபொலிஸுக்கு வடக்கே அனோகா என்றொரு சிற்றூர். நூறு வருஷத்துக்கு முன் அங்கே ஹாலோவீன் என்றால் விடலைகளின் அட்டூழியம்தான். சன்னல் முழுக்க சோப்புக் கிறுக்கல். கொல்லைக் கக்கூஸ்கள் குப்புறக் கிடக்கும் (உள்ளே ஆள் இருந்திருந்தால்?). விடிந்தால் கடைத்தெருவில் மாடுகள் உலாத்தும். ஊர்ப் பெரியவர்கள் தடியைத் தூக்கவில்லை; 1920-ல் ஊர்வலம் நடத்தி, பிள்ளைகள் கையில் பாப்கார்ன், மிட்டாய், வேர்க்கடலை என்று திணித்து, சொக்கப்பனை மாதிரி தீ மூட்டினார்கள். கெட்டிக்காரத்தனம்! 1937 முதல் ‘உலக ஹாலோவீன் தலைநகரம்’ என்ற பட்டமும் ஊருக்கு ஒட்டிக்கொண்டது.

வீடு வீடாக மிட்டாய் கேட்பது நாடெங்கும் பரவியது போர்க்காலச் சர்க்கரை ரேஷன் 1947-ல் முடிந்த பிறகுதான்.

அனோகா பிள்ளைகள் கையில் வேர்க்கடலை என்றதும் எனக்குத் திக்கென்றது. என் மகளுக்கு அது ஆகாது. அதனால் எங்கள் வாசலில் மயில்நீலம் பூசிய பூசணிக்காய் இருக்கும். தின்பண்டம் அல்லாத பரிசும் இங்கே உண்டு என்று சொல்ல, 2014-லிருந்து நாடெங்கும் பரவிய அடையாளம் அது. பக்கத்துக் கிண்ணத்தில் பென்சிலும் ஸ்டிக்கரும்.