உய்யக்கொண்டான் வாய்க்காலும் நீர்முறையும்

நம் சங்கத்து அன்பர்களுட் பலர் திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த ஊர்களில் ஓர் ஏக்கரும் இரண்டு ஏக்கருமாக நன்செய் வைத்து வாழ்பவர். தம் நிலத்திற்குப் பட்டா எண் இன்னதென்று அவர் அறிவர். அந்நிலத்திற்கு நீர் கொணரும் வாய்க்காலின் வரலாற்றை அறிந்தாரோ மிகச் சிலர். ஆதலின் அதுபற்றி யாம் கற்றவற்றுட் சில ஈண்டு எழுதப் புகுந்தோம்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி என்னும் பெயரையே தாங்கிச் செல்வது. இவ்விரண்டற்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கம் அமைந்துள்ளது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. அது கடலை அடையும் வழியும் குறுகியது. அதனால் நாளடைவில் நீர் அப்பக்கமே சாய, காவிரி மணல் மேடிட்டுத் தூரலாயிற்று. இக்குறை நீங்க ஆர்தர் காட்டன் என்பார் 1836 முதல் 1838 வரை கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டுவித்தார். ஆழங்காணா மணலில் அடித்தளமிடும் நுட்பத்தைக் கல்லணை கட்டியோரிடமிருந்தே கற்றதாக அவர் ஒப்புக்கொண்டது அவர்தம் பெருந்தன்மை. அம்மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் 2018 ஆகஸ்டு 22 இரவு இடிந்து வீழ்ந்ததும், பின்னர் அருகே புதிய கதவணை எழுந்ததும் யாவரும் அறிந்தனவே.

நிற்க, முக்கொம்பிற்கும் மேற்கே பேட்டைவாய்த்தலையில் காவிரியின் தென்கரையினின்று பிரிவது உய்யக்கொண்டான். வாய்த்தலை என்பது வாய்க்காலின் தலைப்பைக் குறிக்குஞ் சொல். ஊர்ப்பெயரே வரலாறு கூறுகின்றது காண்க. உய்யக்கொண்டார் என்பது முதலாம் இராசராச சோழனுக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று. இவ்வாய்க்கால் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் ஓடி, திருச்சிராப்பள்ளி நகரை ஊடறுத்து, வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகின்றது. 

சோழர் காலத்து நிலப்பத்திரங்களாகிய கல்வெட்டுக்களில் ஒரு வயலின் இருப்பிடம் எங்ஙனம் கூறப்பட்டது? இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இத்தனையாங் கண்ணாறு, இத்தனையாஞ் சதுரம் என்று. கண்ணாறாவது வயலிடைச் செல்லும் சிறு கால். நீர் வரும் வழியைச் சொல்லாது நிலத்தைச் சொல்ல அவர்களால் இயலவில்லை. அன்றியும், தானச் செப்பேடுகளிற் சில, வாய்க்காலைக் குறுக்கே வெட்டிப் பாய்ச்சுதலும், சிற்றேற்றம் இடுதலும், கூடையால் நீர் இறைத்தலும் பிறர் செய்யலாகாதென விலக்குகின்றன. விலக்கு எழுதப்பட்டதெனின் அக்குற்றங்கள் நிகழ்ந்தன என்பதே பொருளன்றோ? முன்னோர் யாவரும் முறை தவறாதவர் என்று மேடையில் முழங்குவார் இதனை நோக்குக.

வாய்க்காலைத் தூர் வாருதலும் கரையடைத்தலும் குடிமராமத்து எனப்பட்டன. 1858-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வழக்கப்படி தம் பங்கு உழைப்பைத் தாராதாரிடம் அதன் மதிப்பிற்கு இருமடங்கு பணம் பெற இடந்தந்தது. ஆயின் மண்வெட்டி பிடித்துச் சேற்றில் இறங்கியவருட் பெரும்பாலார் நிலமுடையாரல்லர், நிலமில்லாக் கூலிமக்களே. இதனையும் மறைத்தல் ஆகாது.

எம் இளமையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். எம் தந்தையாரது வயல் ஒரு கிளைக்காலின் கடைமடையில் இருந்தது. எங்கள் முறை நள்ளிரவில் தொடங்கும். அரிக்கேன் விளக்கேந்தி அவரோடு யாமும் செல்வோம். ஒரு கோடையில் இருமுறை நீர் வந்திலது. மேலே நடந்து பார்த்தபோது ஒரு வாழைத்தோட்டத்து மடை திறந்து கிடந்தது. தோட்டத்திற்குரியவர் நம்மவரே, எமக்கு மாமன் முறையினர். மறுநாட் காலை அவர் எம் திண்ணையில் அமர்ந்து காப்பி அருந்தினார். எம் தந்தையார் ஒன்றும் வினவினாரல்லர். அவ்வாண்டு எங்கள் பயிர் பிழைத்தது, வேறு குலத்தவராகிய அடுத்த வயற்காரர் தம் முறையிற் பாதியை விட்டுக்கொடுத்தமையாலேயே. இதனை நம் சங்கத்து இதழில் எழுதலாமோ என நெடிது ஐயுற்றோம். நீர்முறையின் வரலாறு எழுதப் புகுந்து இதனை விடுத்தல் நேர்மையன்று எனத் துணிந்தே எழுதினோம்.

2000-ஆம் ஆண்டுச் சட்டம் பாசனநிலம் உடையோரே தமக்குள் தேர்தல் நடத்தி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைக்க வழிசெய்தது. தலைமடையார் கடைமடையாரைக் கேட்டே தீரவேண்டிய இடம் அது. நம்மவர் குலக்கூட்டத்திற்குத் திரண்டு வருமளவு அக்கூட்டங்களுக்கு வருவதில்லை என்பது யாம் கண்டறிந்தது. இதற்கிடையே நகரம் பெருகி, உய்யக்கொண்டான் பாய்ந்த வயல்கள் பல மனைகளாயின. கழிவுநீரும் அதிற் கலக்கின்றது.

வயல் மனையான பின்னும், பழைய கிரயப் பத்திரங்களின் எல்லை விவரத்தில் வாய்க்காலின் பெயர் நிற்கின்றது. முறைநீர் எத்தனை நாழிகை என்று குறித்த தாள்களும் சில வீடுகளில் இருத்தல் கூடும். அத்தகையன உடைய அன்பர்கள் சங்க அலுவலகத்திற்குத் தெரிவிப்பின், யாமே நேரில் வந்து படியெடுத்துக்கொண்டு மூலத்தை அப்பொழுதே திருப்பித் தருவோம்.