தொழிற்சாலைத் திரைகளில் அசைவூட்டம்

ஆலை, மின்நிலையம், துறைமுகம் போன்ற இடங்களில் இயங்கும் கருவிகளைக் கட்டுப்பாட்டறைத் திரையில் நகர்த்தியும் சுழற்றியும் காட்டும் வரைகலை முறை. பிஎல்சி போன்ற கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து வரும் ஓர் எண், திரையிலுள்ள உருவத்தின் இடத்தையோ கோணத்தையோ தீர்மானிக்கிறது. திரைப்பட அசைவூட்டத்தில் அடுத்த நொடி வரைபவரின் கையில் இருக்கும். இங்கே அது களத்தில் பொருத்திய சென்சாரின் கையில் இருக்கிறது, இருக்க வேண்டும்.

கணினி வருவதற்கு முன்பு கட்டுப்பாட்டறைச் சுவரே திரையாக இருந்தது. குழாய்களை வண்ணக் கோடுகளாக வரைந்து, பம்பு, வால்வு இருக்கும் இடங்களில் விளக்குகளைப் பதித்திருப்பார்கள். அசைந்தவை மானிகளின் முள்ளும் பதிவுத்தாளில் ஊரும் பேனாவும்தான். அந்தக் காலத்து விளக்கு ஒன்றுதான் இத்துறைக்கு மிகப் பெரிய பாடத்தைத் தந்தது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில், அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பலகையில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. வால்வை மூடச்சொல்லிக் கட்டளை போய்விட்டது என்பதை மட்டுமே அந்த விளக்கு அறியும். வால்வு மூடியதா என்பது அதற்குத் தெரியாது. வால்வு மூடிவிட்டதாக ஆபரேட்டர்கள் நம்பியிருக்க, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் மையம் பகுதியளவு உருகியது.

உருவத்தைத் திரையில் சுழற்றும் கணக்கு அதற்கு வெகுமுன்பே கைவந்திருந்தது. 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், வரைந்த உருவத்தை நகர்த்தவும் திருப்பவும் பெரிதாக்கவும் செய்தது. ஆனால் அது ஓடியது டிஎக்ஸ்-2 என்ற ஆய்வகக் கணினியில். 1975இல் வந்த ஹனிவெல்லின் டிடிசி 2000, யோக்கோகாவாவின் சென்டம் ஆகியவை ஆலைக்குள் படக்குழாய்த் திரையைக் கொண்டுவந்தன. நிறம் மாறுவதும் மினுக்குவதும் எண் மாறுவதுமே அக்காலத் திரைகளின் அசைவு.

தனிக்கணினி வந்ததும் நிலைமை மாறியது. கலிபோர்னியாவின் ஒண்டர்வேர் நிறுவனம் 1989இல் வெளியிட்ட இன்டச் மென்பொருள், விண்டோஸில் ஓடியது. உருவத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் இடம், அளவு, நிரப்பு, திசை, தோற்றம் என ஒவ்வொன்றையும் ஒரு டேக்குடன், அதாவது களத்திலிருந்து வரும் மதிப்பின் பெயருடன், இணைத்தால் போதும், நிரல் எழுதத் தேவையில்லை. ராக்வெல், சீமென்ஸ் முதலியோரின் மென்பொருள்களிலும் இதே அமைப்பு நிலைத்தது.

நகர்வு எளிது. 40 மீட்டர் ஓடும் கிரேனைத் திரையில் 800 புள்ளி நீளத்தில் காட்டினால், 10 மீட்டருக்கு 200 புள்ளி தள்ளி வரைய வேண்டும். சுழற்சியில் இரண்டு இடங்களில் சிக்கல் வரும். ஒன்று, சுழலும் அச்சு. பல மென்பொருள்கள் உருவத்தின் நடுப்புள்ளியை அச்சாக எடுத்துக்கொள்ளும். கீல் முனையிலிருந்து திறக்கும் கதவுக்கு அச்சை நகர்த்திக் கொடுக்காவிட்டால் கதவு சட்டத்தை விட்டு வெளியே போய்விடும். இன்னொன்று, 360 பாகையைக் கடக்கும் இடம். 350இலிருந்து 10க்குப் போகும் மேசை 20 பாகைதான் திரும்பியிருக்கும். இடைப்பட்ட நிலைகளைத் தானே நிரப்பும் திரையில் அது 340 பாகை பின்னோக்கிச் சுற்றி வரும்.

வேகமான சுழற்சியை உண்மையாகக் காட்டவே முடியாது. நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் விசிறி நொடிக்கு 24 முறை சுற்றுகிறது. அரை நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும் திரையில் அதற்குள் சரியாக 12 சுற்று முடிந்துவிடும். உண்மையான கோணத்தையே அனுப்பினாலும் விசிறி நின்றதுபோல் தெரியும். அதனால் வெவ்வேறு கோணத்தில் வரைந்த மூன்று நான்கு படங்களை அடுக்கி, கடிகாரக் கணக்கில் ஒவ்வொன்றாகக் காட்டும் வழக்கம் வந்தது. சுற்றுவது விசிறியல்ல, அதன் குறியீடு. அதை எந்த பிட் ஓடவிடுகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஓடு என்ற கட்டளையோடு இணைத்தால் திரீ மைல் தீவின் விளக்கை மீண்டும் செய்ததாகும். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டரின் துணைத் தொடர்பிலிருந்து வரும் ரன் ஃபீட்பேக், அதாவது ஓடுவதைச் சொல்லும் பதில் சைகை, அதைவிட மேல். அதுவும் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது என்றுதான் சொல்லும். பெல்ட் அறுந்திருந்தால் சொல்லாது. வேகத்தையோ காற்றோட்டத்தையோ அளந்து காட்டுவதே நேர்மையான அசைவு.

1990களின் திரைகள் சுழலும் பம்பு, ஓடும் குழாய், எரியும் சுடர், முப்பரிமாணத் தொட்டி என நிறைந்தன. கண்ணின் ஓரப்பார்வை அசைவுக்கு உடனே திரும்பும் இயல்புடையது. நலமாக ஓடும் இருபது பம்புகள் சுழன்றுகொண்டிருந்தால் அலாரம் அவற்றுக்கு நடுவே புதையும். ஆலைகளின் அசாதாரண நிலைமைகளைக் கையாள ஹனிவெல் முன்னின்று அமைத்த ஏஎஸ்எம் கூட்டமைப்பு இதை ஆராய்ந்தது. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்ததில் அசைவூட்டத்துக்குப் பங்கில்லை. ஆனால் ஆலையின் பிரிப்புக் கோபுரத்துக்குள் போகும் திரவமும் வெளியேறும் திரவமும் வெவ்வேறு திரைகளில் இருந்ததை விசாரணை சுட்டிக்காட்டியது. திரையின் வேலை என்ன என்ற கேள்வி அதன்பின் கூர்மையானது. ஆலைத் திரை வடிவமைப்பு பற்றி ஹாலிஃபீல்டும் மற்றவர்களும் 2008இல் எழுதிய கையேடு சாம்பல் பின்னணியையும் அலங்கார அசைவைக் கைவிடுவதையும் வலியுறுத்தியது. 2015இல் ஆலைத் திரைகளுக்கான ஐஎஸ்ஏ-101 தரநிலை வந்தது.

இந்தக் கண்டிப்பை எல்லா ஆலைக்கும் ஒரேபடியாகப் பூசுவது சரியல்ல. கிடங்கின் அடுக்குக் கிரேன், கப்பல் கால்வாயின் மதகு, தூக்குப் பாலம், ஆன்டெனா ஆகியவற்றில் எங்கே இருக்கிறது, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதே ஆபரேட்டருக்கு வேண்டிய தகவல். அங்கே நகரும் உருவம் எண்ணைவிட விரைவாகப் பேசும்.

2001இல் வலைத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையான எஸ்விஜி வரைகலை வடிவம், நகர்த்தலையும் சுழற்றலையும் வரைபட மொழிக்குள்ளேயே கொண்டது. இன்றைய உலாவித் திரைகள் பலவும் அதன்மீது நிற்கின்றன. அசைவு முன்னைவிட வழவழப்பாகிவிட்டதால் ஓர் ஆபத்தும் கூடியிருக்கிறது. தொடர்பு அறுந்தபின்னும் கடைசியாக வந்த பிட்டை வைத்துக்கொண்டு விசிறி அழகாகச் சுழன்றுகொண்டே இருக்கலாம். கருவிகளும் மென்பொருள்களும் தரவு பரிமாற 1996இல் வந்த ஓபிசி முறையில் ஒவ்வொரு மதிப்போடும் அதன் தரமும் நேரமும் சேர்ந்தே வருகின்றன. தரம் கெட்டது என்று வந்த கணமே சுழற்சியை நிறுத்தி, உருவத்தின்மேல் குறுக்குக்கோடோ கேள்விக்குறியோ இட்டுக் காட்டுவது கவனமான வடிவமைப்பாளர்களின் வழக்கம்.