கடுக்காய் கொடுத்த கதை

முதலிலேயே டிஸ்கி போட்டுடறேன். நான் டாக்டர் கிடையாது, சித்த வைத்தியரும் கிடையாது. பழசைத் தோண்டிப் பார்க்கும் வியாதி மட்டும் உண்டு. எங்க மாமாவோட உள்ளங்காலில் ஆரம்பித்த தோண்டல் இது. எங்கெங்கேயோ போய்விட்டது, கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் (டேனரியை எங்க ஜனங்க அப்படித்தான் சொல்வோம்) இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். ரிட்டையர் ஆனதும் சத்துவாச்சாரியில் எங்க தெருவுக்கே குடி வந்துவிட்டார். ஒருநாள் காலையில் போனால், உள்ளங்காலில் இருந்து ஒரு பட்டையைப் பிய்த்து என் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். ராத்திரி ஒட்டும்போது வெள்ளையாம். இப்போ கன்னங்கரேல்.

"பார்ரா கண்ணு, இருபத்தாறு வருஷத்து கெமிக்கலு. ராவோட ராவா இஸ்துகினு வந்துட்ச்சி."

பட்டையோடு ஒரு பொடி டப்பாவும் இருந்தது. கிட்னியைக் கழுவும் பொடி, நாப்பது நாள் கோர்ஸ். யாரோ தெரிந்தவர் மூலமாக வாங்கியிருக்கிறார். இதைச் சாப்பிடும்போது 'இங்கிலீஷ் மருந்து' கூடாது என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மனுஷன் பத்து வருஷமா போட்டுக்கொண்டிருந்த பிரஷர் மாத்திரையை ஓரம் கட்டிவிட்டார். அந்தக் கதை கடைசியில்.

உடம்பைக் கழுவுவது நமக்கொன்றும் புதுசில்லையே. என் வயசுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெயை மறந்திருக்க முடியாது. எங்க ஆயா ஒரு கையால் மூக்கைப் பிடித்து இன்னொரு கையால் ஊற்றும். "இன்னாடா மூஞ்ச சுளிக்கிற, முழுங்குடா." அப்புறம் மத்தியானம் வரை கொல்லைக்கும் வீட்டுக்கும் நடைதான். சாயங்காலம் ரசம் சாதம், மோர். நாலு மாசத்துக்கு ஒரு தடவை இந்த வைபவம் உண்டு. பள்ளிக்கூட லீவுக்குத் தோதாக ஆயா கணக்கு வைத்திருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். தேரையர் பேரில் வழங்கும் பிணியணுகா விதியிலேயே இருக்கிறது: நாலு மாசத்துக்கு ஒருமுறை பேதி, ஆறு மாசத்துக்கு ஒருமுறை வாந்தி, ஒன்றரை மாசத்துக்கு ஒருமுறை மூக்குக்கு மருந்து, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, மோரை நீர்க்கக் கரை என்று சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒழுங்கு சொல்கிறது. படிக்காத ஆயாவுக்கு இது எப்படி வந்தது என்றால், அவங்க ஆயாகிட்ட இருந்து வந்தது. அவ்வளவுதான்.

வெள்ளைக்காரனும் சளைத்தவன் இல்லை. 1887ல் பிரான்சில் பூஷார் என்ற டாக்டர், குடலில் தங்கும் கழிவிலிருந்து விஷம் ரத்தத்துக்கு ஏறுகிறது, அதுதான் பாதி வியாதிக்குக் காரணம் என்று புத்தகமே போட்டார். லண்டனில் அர்பத்நாட் லேன் என்று ஒரு பெரிய சர்ஜன், ஒரு படி மேலே போய், மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலையே வெட்டி எடுக்க ஆரம்பித்தார்! 1908ல் நோபல் பரிசு வாங்கின மெச்னிகாஃப் கொஞ்சம் நல்ல மனுஷர், தயிர் சாப்பிடுங்க என்றதோடு விட்டார் :-) 1920களில் டாக்டர்கள் அந்த விஷக் கதையைக் கைவிட்டார்கள். வியாபாரிகள் கைவிடவில்லை. இன்றைக்கு வரும் டீடாக்ஸ் டீ, டீடாக்ஸ் ஜூஸ் எல்லாம் அதே கதையின் பேரன் பேத்திகள்தான்.

விளக்கெண்ணெய் குடலை மட்டும்தான் துடைக்கும். ரத்தத்தில் இருப்பதை அது தொடாது. ஆயாவைக் குறை சொல்லவில்லை. வயித்துப் பூச்சியும் மலச்சிக்கலும் வீட்டுக்கு வீடு இருந்த காலம் அது.

இப்போ கடுக்காய்க்கு வருகிறேன். இந்தப் பதிவே அதுக்காகத்தான்.

ஆயா ராத்திரி படுக்கும்முன் கடுக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை வெந்நீரில் போட்டுக் குடிக்கும். ஆவாரம்பூ பூத்தால் பறித்துக் காய வைத்துக் கஷாயம் போடும். ரெண்டும் உடம்பைச் சுத்தம் பண்ணும் என்று நம்பிக்கை. அதே கடுக்காய், அதே ஆவாரஞ்செடியின் பட்டை, ரெண்டும் மூட்டை மூட்டையாகத் தோல் ஷாப்புக்கும் போய்க்கொண்டிருந்தன. கடுக்காய் ஜவ்வாது மலையில் இருந்து இறங்கும். ஆவாரம், எங்க வறண்ட காட்டில் தானாக முளைத்துக் கிடக்கும். இந்தப் பாலாற்றங்கரை தோல் தொழிலுக்கு ஏற்றதாக ஆனதற்கு ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் மட்டும் காரணமில்லை. இந்தப் பட்டையும் காயும் ஆத்துத் தண்ணியும்கூடத்தான். அந்தக் காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போன தோல் இப்படிப் பதப்பட்டதுதான்.

கடுக்காயை வாயில் போட்டால் நாக்கு இழுத்துப் பிடிக்கும் இல்லையா? அந்தத் துவர்ப்பு வேறு ஒன்றுமில்லை. காயில் இருக்கும் டானின், எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தோலில் இருக்கும் புரதத்தோடு அதே மாதிரி ஒட்டினால் தோல் அழுகாமல் லெதர் ஆகிறது. ஆக, ராத்திரி கடுக்காய் போடுகிற ஒவ்வொருத்தர் வாயிலும் ஒரு சின்ன டேனரி ஓடுகிறது, ஹிஹி. வீட்டுக்கும் ஷாப்புக்கும் ஒரே மருந்து. ஷாப்பில் இருந்து வெளியே வந்த தண்ணியும் நாறத்தான் நாறும், பழுப்பாகத்தான் போகும். ஆனால் அதில் இருந்தது பெரும்பாலும் சுண்ணாம்பு, உப்பு, பட்டைச் சாறு.

அப்புறம் குரோமியம் வந்தது. அமெரிக்காவில் 1884ல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் பேடண்ட் வாங்கின வித்தை. 1900களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதை சென்னையில் செய்து பார்த்தார். பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோமியம் உப்பில் ஒன்றிரண்டு நாளில் பதமாகிவிடும். ஆனாலும் எங்க பக்கம் ரொம்ப நாள் பட்டைதான் ஓடியது. மாற்றியது 1970கள். சீதாராமையா கமிட்டி அறிக்கைக்குப் பிறகு, பச்சைத் தோலையும் பாதி பதமான தோலையும் அனுப்பாதே, முழுசா முடித்த தோலையும் செருப்பையும் அனுப்பு என்று மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது. நாட்டுக்கு நல்ல டாலர் வந்தது. எங்க பக்கம் வேலை வந்தது. மாமா வீட்டில் மூணு பிள்ளைகள் படித்தது அந்தச் சம்பளத்தில்தான், அதை மறைத்துப் பேச எனக்கு வாய் வராது. கூடவே வந்தது இன்னொன்றும்.

பாலாறு எங்களுக்கு மேற்கே வாணியம்பாடி, ஆம்பூரைத் தாண்டி வருகிறது. எங்களைத் தாண்டி ராணிப்பேட்டைக்குப் போகிறது. வருகிறது, போகிறது என்கிறேனே தவிர, பார்ப்பதெல்லாம் மணல்தான். 2021 நவம்பரில் கரை முட்டி ஓடியபோது சின்னப் பசங்க திருவிழா மாதிரி வேடிக்கை பார்த்தார்கள். தண்ணி மணலுக்கு அடியில் இருந்தது. கிணறும் ஊற்றும்தான் குடிக்க, விவசாயம் பண்ண. ஷாப்புக் கழிவு இறங்கினதும் அதே மணலில்தான். எங்க ஆயா ஊர்க் கிணத்துத் தண்ணி முதலில் பருப்பு வேகாமல் போனது. அப்புறம் தென்னை காய்ப்பு குறைந்தது. அப்புறம் தண்ணி வாயில் வைக்க முடியாமல் கரித்தது. எல்லாரும் குரோமியம் குரோமியம் என்போம். ஜனங்க நாக்குக்கு முதலில் தெரிந்தது உப்பு. தோல் அழுகாமல் இருக்க அப்பிக் கொண்டு வருகிற உப்பு, மூட்டை மூட்டையாகக் கழுவி விடப்பட்டது.

ஆயா என்ன செய்தது தெரியுமா? விதிப்படி தண்ணியைக் காய்ச்சியது. வழக்கத்தைவிட அதிகமாகக் காய்ச்சியது. காய்ச்சினால் கிருமி சாகும். உப்பும் உலோகமும் எங்கேயும் போகாது. தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். தலைமுறை தலைமுறையாகச் சரியாக இருந்த ஒரு பழக்கம், ஆயாவின் கண்ணெதிரே, ஆயாவுக்கே தெரியாமல், வேலை செய்யாமல் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

வழக்கு 1991ல் உச்ச நீதிமன்றம் போனது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் எதிர் இந்திய அரசு. 1996 ஆகஸ்ட் 28ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொன்னது. 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ் என்ற கணக்கு அதில் இருக்கிறது. ஒவ்வொரு ஷாப்புக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். கெடுத்தவன் கட்டு, கெடுதல் வரும் என்று தெரிந்தால் நிரூபணத்துக்குக் காத்திருக்காமல் தடு என்ற ரெண்டு கொள்கையையும் இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதித்தது இந்தத் தீர்ப்புதான். இன்றைக்கு நாட்டில் எந்தச் சட்டக் கல்லூரியில் போய்க் கேட்டாலும் எங்க ஊர் பேர் சொல்வார்கள். பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் மலையாகக் கிடந்து, 2006ல் உலகத்தின் படு மோசமான பத்து இடங்கள் பட்டியலில் அந்த ஊர் ஏறியது. 2015 ஜனவரி 31ல் அங்கே சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் பத்து பேர் செத்தார்கள். 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு பற்றித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. கணக்குப் போட்டால் முதல் மனுவிலிருந்து முப்பத்து நாலு வருஷம்.

நடுவில் ஒரு கொசுறு. எங்க வேலூர்க் கோட்டை சாமிக்குப் பேரே ஜலகண்டேஸ்வரர். சாமி இல்லாமல் கிடந்த அந்தக் கோயிலுக்கு 1981ல் லிங்கம் திரும்பிப் போனது எங்க சத்துவாச்சாரியில் இருந்துதான். ஜலத்துச் சாமியைப் பாதுகாத்து வைத்திருந்த ஊர், இப்போ கேன் தண்ணிக்கும், மேட்டூர்ப் பக்கமிருந்து குழாயில் வரும் காவிரிக்கும் குடத்தோடு நிற்கிறது.

சரி, மாமா உடம்பில் நிஜமாகவே கெமிக்கல் இருந்ததா? ஷாப்பில் இருந்தவர்களுக்கு மற்றவர்களைவிட குரோமியம் அதிகம் உள்ளே போகும், உண்மைதான். ஆனால் அதை வெளியே தள்ளுவது உள்ளங்கால் இல்லை. குரோமியத்தில் ரெண்டு ரகம் முக்கியம். ஆறாம் நிலை கொடியது, 1990லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக அளவில் அறிவிக்கப்பட்டது. மூன்றாம் நிலை அவ்வளவு ஆபத்தில்லை, தோலுக்குப் போடுவது இதுதான். கொடியது வாய்வழி கொஞ்சமாக உள்ளே போனால் எச்சிலும் வயித்து அமிலமும் ரத்தச் சிவப்பணுவும் சேர்ந்து அதில் பெரும்பகுதியை மூன்றாம் நிலைக்கு மாற்றிவிடும். கிட்னி அதை மூத்திரத்தில் தள்ளும். யாரும் சொல்லிக்கொடுக்காமல், பொடி இல்லாமல், ராத்திரி பகலாக நடக்கிற வேலை. ஒரு நாளைக்கு 180 லிட்டர் வரை வடிகட்டி, தேவையானதை உள்ளே திருப்பி அனுப்பி, ஒன்றரை ரெண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுகிறது. நாம் செய்யக்கூடியது அதன் காலை வாராமல் இருப்பதுதான்: நல்ல தண்ணி, குறைந்த உப்பு, பிரஷரும் சர்க்கரையும் கட்டுக்குள், தொட்டதுக்கெல்லாம் வலி மாத்திரை போடாமல் இருப்பது, பீடி சிகரெட்டை விடுவது, தினம் நாலு தெரு நடப்பது. கேட்க சப்பென்று இருக்கும். டப்பாவில் போட்டு விற்க முடியாது பாருங்க. இயற்கை என்றால் கெடுதல் இல்லை என்பதும் பொய். கேரளாவில் பிலிம்பிக்காய்ச் சாறு குடித்துக் கிட்னி பழுதான பத்து பேரைப் பற்றி 2013ல் மருத்துவ இதழில் வந்தது.

மாமாவுக்குக் கால் வீங்கினபோதுதான் கூட்டிக்கொண்டு ஓடினோம். பிரஷர் இருநூறைத் தொட்டிருந்தது. ஆறு மாசம் முன்னே 1.2 இருந்த கிரியாட்டினின் 3.1. டாக்டரம்மா திட்டவில்லை. பொடியை நிறுத்தி மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார், அவ்வளவுதான். 1971லேயே கிட்னி மாற்று ஆபரேஷன் செய்த சி.எம்.சி. இருக்கிற ஊர் இது. இந்தியா முழுக்க இருந்து ஜனங்க ரயிலேறி இங்கே கிட்னி பார்க்க வருகிறார்கள். நாங்கள் பட்டை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்!

வீட்டுக்கு வந்து மீதி இருந்த பட்டை ஒன்றைப் பிரித்து, மாமா முன்னாடியே ஒரு டம்ளர் சுடுதண்ணி ஆவியில் காட்டினேன். அஞ்சு நிமிஷத்தில் பழுப்பாகி, அப்புறம் கருத்தது. மரத்தூள் வினிகர் மாதிரி ஏதோ ஒன்று, ஈரம் பட்டால் நிறம் மாறும். இதே மாதிரிப் பட்டை விற்ற கம்பெனி மேல் அமெரிக்க அரசே 2009ல் வழக்குப் போட்டிருக்கிறது என்றும் சொன்னேன். மாமா டம்ளரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா கடுக்கா குட்த்துட்டாம்பா" என்றார்.

போன வாரம் கிரியாட்டினின் 2.2. பழைய இடத்துக்குப் போகுமா என்று டாக்டரம்மா உறுதி சொல்லவில்லை. தினம் எவ்வளவு தண்ணி குடிக்கலாம் என்று அளவு எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமா அதைக் கேனில் இருந்து ஒரு சொம்பில் அளந்து வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை கணக்காகக் குடிக்கிறார்.