தேசமும் நகரமும்: தென்கிழக்காசிய மொழிகளில் வடசொற்களின் பொருள் மாற்றம்

சுமத்திராவில் பாலெம்பாங் அருகே கிடைத்த கெடுகான் புக்கிட் கல்வெட்டு கி.பி. 683ஆம் ஆண்டினது. பல்லவ எழுத்தில் பொறிக்கப்பட்ட அதன் மொழி பழைய மலாய். அதில் வடசொற்களும் விரவி வருகின்றன. பழைய சாவக மொழிக்குச் சூட்முல்டர் தொகுத்து 1982இல் வெளிவந்த அகராதியின் 25,000க்கும் மேற்பட்ட பதிவுகளுள் ஏறத்தாழப் பாதி வடமொழி மூலமுடையவை. இவ்வெண்ணிக்கை கடனின் அளவைக் காட்டுமேயன்றி, பெற்ற சொல் புதிய மொழியில் என்னவாயிற்று என்பதைக் காட்டாது. மொழிபெயர்ப்பாளர்க்கு வேண்டுவது பின்னதே.

‘சம்சார’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வடமொழியில் அது பிறவிச் சுழற்சியைக் குறிக்கும். மலாயில் ‘செங்சாரா’ என்பது துன்பம். தாய்லாந்து மொழியில் ‘சொங்சான்’ என்பது இரக்கம். பிறவி துன்பமயம் என்னும் சமயக் கருத்திலிருந்து துன்பமும், துன்புறுவோரிடம் தோன்றும் உணர்விலிருந்து இரக்கமும் கிளைத்தன எனலாம். இந்தியாவிலும் இச்சொல் ஒரே பொருளில் நிற்கவில்லை. தமிழில் ‘சம்சாரம்’ குடும்பத்தையும் மனைவியையும், மலையாளத்தில் பேச்சையும் சுட்டுகிறது.

தனிச்சொல்லைவிட இணைச்சொற்கள் தெளிவான சான்று தருகின்றன. வடமொழியில் ‘தேச’ என்பது இடம், நாடு எனப் பரந்தது. ‘நகர’ என்பது ஊரளவில் நிற்பது. இந்தோனேசிய மொழியில் இவ்வுறவு தலைகீழாயிற்று: ‘நெகாரா’ அரசு அல்லது நாடு, ‘தேசா’ சிற்றூர். காரணம் சாவக அரசமைப்பில் உள்ளது. அங்கு நகரம் என்பது அரசவையும் தலைநகரும். தேசம் என்பது அதற்குப் புறம்பான நாட்டுப்புறம். மஜபாகித் அரசர் ஹயாம் வுரூக்கின் சுற்றுப்பயணங்களைப் பாடிய பிரபஞ்சர், 1365இல் இயற்றிய தம் நூலுக்குத் ‘தேசவர்ணன’ என்றே பெயரிட்டார். அதில் வருணிக்கப்படுவன அரசின் ஆட்சிக்குட்பட்ட ஊர்ப்புறங்கள். பின்னர், மையத்தின் பெயர் அரசு முழுமைக்கும் விரிந்தது. புறத்தின் பெயர் சிற்றூராகச் சுருங்கியது. ஆகவே சொற்கள் தனித்தனியே திரிந்தன என்பதைவிட, பெற்ற சமுதாயம் தன் அரசியல் அமைப்புக்கேற்ப அவற்றை எதிரிணையாக நிறுத்திக்கொண்டது என்பதே பொருந்தும்.

இவ்வாக்கம் பழங்காலத்தோடு முடியவில்லை. பௌத்தரின் ஐந்து ஒழுக்கங்களைக் குறித்த ‘பஞ்சசீலம்’, 1945இல் சுகர்ணோவின் உரையில் இந்தோனேசிய அரசின் ஐந்து அடிப்படைகளாயிற்று; 1954இல் இந்திய – சீன உடன்படிக்கையில் வெளியுறவு நெறிகளாயிற்று. தொலைபேசிக்கு இந்தி ‘தூரபாஷ்’ எனப் படைத்துக்கொள்ள, தாய்லாந்து மொழி ‘தூர’, ‘சப்த’ என்பவற்றை இணைத்துத் ‘தோரசப்’ எனப் படைத்தது. கடன்பெற்ற மொழி மூலமொழியைக் கேளாமலே சொல்லாக்கும் உரிமையை எய்திவிட்டது.

இதனை மறந்தால் விளையும் பிழை சிறிதன்று. இந்தோனேசியாவின் 2014ஆம் ஆண்டுச் சட்டமொன்று ‘தேசா’ பற்றியது. வடிவொற்றுமையை நம்பி அதனைத் ‘தேசச் சட்டம்’ எனத் தமிழாக்குவோர், சிற்றூராட்சிச் சட்டத்தை நாட்டுச் சட்டமாக மாற்றிவிடுவர். அறிந்த சொல்லே இங்கு அறியாத சொல்லைவிட ஏமாற்றும். அறியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவோம், அறிந்ததற்குப் புரட்டுவதில்லை. சொற்பிறப்பு சொல் வந்த வழியை உரைக்கும். அதன் இன்றைய பொருளை, அது வாழும் மொழியில் அதனருகே நிற்கும் சொற்களிடமே கேட்டறிதல் வேண்டும்.