டோடர்லைனின் பாசில்லஸ்

ஆல்பர்ட் டோடர்லைன் இந்தக் கதைக்குள் வந்தது புற்றுநோயைத் தேடி அல்ல. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மகப்பேறு மருத்துவராக இருந்த அவரை அலைக்கழித்தது பிரசவ ஜன்னி. பிள்ளை பெற்ற நாலாம் நாள், ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டு பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. கிருமி மருத்துவரின் கையிலிருந்து போகிறதா, இல்லை அந்தப் பெண்ணின் உடம்புக்குள்ளேயே முன்பிருந்தே கிடக்கிறதா என்று ஜெர்மன் மருத்துவர்கள் கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டோடர்லைன் கர்ப்பிணிகளின் யோனிக் கசிவை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஆரோக்கியமாக இருந்தவர்களிடம் ஒரே மாதிரி நீண்ட, அசையாத கோல்கள் கூட்டங்கூட்டமாகக் கிடந்தன. அவற்றைத் தனியே வளர்த்தார். வளர்த்த இடம் புளித்தது. சீழ் உண்டாக்கும் கிருமியைக் கொண்டுவந்து அதே இடத்தில் விட்டார், அது தழைக்கவில்லை. 1892-இல் இதையெல்லாம் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அன்றிலிருந்து அந்தக் கோலுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இந்தப் பாசில்லஸ் பிழைப்பது மாவுச்சத்தில். பெண் பருவமடைந்ததும் ஈஸ்ட்ரோஜென் சுரக்கிறது. அதன் பேச்சைக் கேட்டு யோனிச் சுவரின் செல்கள் கிளைகோஜென் என்ற மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கின்றன. செல் உதிரும்போது அந்தச் சத்து சர்க்கரையாக உடைந்து பாக்டீரியாவுக்குப் போகிறது. அது லாக்டிக் அமிலத்தைத் திருப்பித் தருகிறது. அமிலத்தைக் காட்டும் pH அளவு 3.5-க்கும் 4.5-க்கும் இடையில் நிற்கிறது, அதில் பெரும்பாலான வேற்றுக் கிருமிகளால் குடித்தனம் நடத்த முடிவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜென் குறையும்போது இந்தக் கோல்களும் குறைவது இதனால்தான். பாலூட்டிகளில் இந்த ஏற்பாடு மனிதப் பெண்ணுக்கு மட்டுமே இவ்வளவு வலுவாக அமைந்திருக்கிறது. குரங்கு, பசு, ஆடு எதை எடுத்தாலும் இந்த வகைப் பாக்டீரியா அங்கே சொற்பம். ஏன் நமக்கு மட்டும் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு, எதுவும் முடிந்த முடிவு இல்லை.

1928 இந்தக் கோலின் வாழ்வில் விசித்திரமான ஆண்டு. அந்த ஆண்டில்தான் ஸ்டான்லி தாமஸ் என்பவர் டோடர்லைனின் பாசில்லஸ் வேறொன்றுமில்லை, லாக்டோபேசில்லஸ் ஆசிடோஃபிலஸ்தான் என்று எழுதினார். அதே ஆண்டு, அமெரிக்காவின் பேட்டில் கிரீக் என்ற ஊரில் நடந்த ஒரு மாநாட்டில், கினிப் பன்றிகளின் இனப்பெருக்கச் சுழற்சியை ஆராயப்போய் மனிதப் பெண்களிடம் வந்து சேர்ந்திருந்த ஜார்ஜ் பாப்பனிகொலாவ், உதிர்ந்த செல்களைப் பார்த்தே கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்றார். கேட்டவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1940-களில் ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து அவர் மறுபடி எழுதிய பிறகுதான் பாப் ஸ்மியர் என்ற அந்தப் பரிசோதனை உலகெங்கும் பரவியது.

அந்தப் பரிசோதனையின் கண்ணாடி ஸ்லைடைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கருப்பைவாயைச் சுற்றி ஒரு மரக்கரண்டியால் சுரண்டி எடுத்ததை ஸ்லைடில் இழுத்துத் தேய்த்து, உலர்வதற்குள் ஆல்கஹாலில் போட்டு, பிறகு சாயம் ஏற்றுவார்கள். முதிர்ந்த செல்கள் இளஞ்சிவப்பாக, அடுத்த அடுக்குச் செல்கள் நீலப் பச்சையாக, தட்டையாக, ஓரம் மடிந்து கிடக்கும். நடுவில் ஒரு சிறிய உட்கரு. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தொடங்கியிருந்தால் அந்த உட்கரு பெருத்து, கறுத்து, ஓரம் கோணலாகி, செல்லின் பாதி இடத்தையே பிடித்துக்கொள்ளும். படிப்பவர் தேடுவது அதைத்தான். அதே ஸ்லைடில், அந்தச் செல்களின் மேலேயும் இடுக்கிலும், மெல்லிய நீலக் கோல்கள் சிதறிக் கிடக்கும். சில ஸ்லைடுகளில் அவை செல்லின் உடம்பையே கரைத்துத் தின்றுவிட்டு வெறும் உட்கருக்களை மட்டும் மிச்சம் வைத்திருக்கும். பரிசோதனை அறிக்கையின் அடியில் 'டோடர்லைன் பாசில்லஸ்கள் காணப்படுகின்றன' என்று ஒரு வரி வரும், பயப்பட ஒன்றுமில்லை என்ற தொனியில். கோடிக்கணக்கான ஸ்லைடுகளில் பாக்டீரியாவும் கெட்டுப்போகும் செல்லும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. கண் இரண்டையும் கண்டது, கேள்வி மட்டும் ஒன்றைப் பற்றியே எழுந்தது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ ஸ்லைடு பார்க்கிறவருக்குப் பின்னணி என்பது பின்னணிதான்.

(நம் ஊர்ப் பக்கம் பலருக்கு அந்த ஸ்லைடுகூடக் கிடையாது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெளுக்கிறதா என்று செவிலியர்கள் வெறும் கண்ணால் பார்த்தார்கள். 2007-இல் வெளியான முடிவு: கருப்பைவாய்ப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. எளிய, நல்ல முறை. பாக்டீரியாவைப் பற்றி அது எதுவும் சொல்லாது.)

இடையில் அந்தப் பாசில்லஸ் ஒன்றல்ல, பல என்று தெரியவந்தது. ஆசிடோஃபிலஸ் என்ற ஒரே பெயருக்குக் கீழே அடைத்து வைத்திருந்தவற்றை மரபணு ஒப்பீடு பிரித்துப்போட்டது. கிறிஸ்பேட்டஸ், காசெரி, ஜென்செனை என்று ஆளுக்கொரு பெயர் கிடைத்தது. ஒருவர் மட்டும் 1999 வரை யார் கண்ணிலும் படவில்லை. அவர் பெயர் ஐனெர்ஸ். லாக்டோபேசில்லஸை வளர்ப்பதற்கென்றே ஆய்வகங்கள் வைத்திருந்த ஊட்டக் கூழில் அது வளராது. அதற்கு ரத்தம் கலந்த கூழ் வேண்டும். ஆகவே அத்தனை ஆண்டுகளாகக் கணக்கெடுத்தவர்கள் மிகப் பெரிய ஒரு கூட்டத்தையே கணக்கில் விட்டிருந்தார்கள்.

பாக்டீரியாவை வளர்க்காமலே எண்ணும் வித்தை வந்த பிறகு கதை வேகம் பிடித்தது. இப்போது யோனிச் சுவரில் ஒரு பஞ்சுக் குச்சியை உருட்டி எடுத்து, உறைய வைத்து, ஆய்வகத்தில் நுண்மணிகளோடு குலுக்கி பாக்டீரியாவின் ஓட்டை உடைக்கிறார்கள். வெளிவரும் டி.என்.ஏ.வில் எல்லாப் பாக்டீரியாவுக்கும் பொதுவான, ஆனால் இனத்துக்கு இனம் சற்று மாறும் 16எஸ் என்ற ஒரு மரபணுவை மட்டும் பெருக்கிப் படிக்கிறார்கள். ஜாக் ராவெலும் கூட்டாளிகளும் 396 அமெரிக்கப் பெண்களின் மாதிரியை இப்படிப் படித்து 2011-இல் வெளியிட்டார்கள். ஐந்து வகைக் குடியிருப்புகள் தெரிந்தன. நான்கில், ஒவ்வொன்றிலும் ஒரு லாக்டோபேசில்லஸ் ஆட்சி செய்தது. ஐந்தாவதில், அவர்கள் கொடுத்த எண்ணில் நான்காவதில், லாக்டோபேசில்லஸ் குறைவு. கார்ட்னெரெல்லா, பிரெவோடெல்லா போன்ற காற்று வேண்டாத பலவகைப் பாக்டீரியாக்கள் கூட்டாகக் குடியிருந்தன. இந்தக் குடியிருப்பு உள்ளவர்களும் எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்கள்தான் என்பதை மறக்கக் கூடாது. கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பெண்களிடம் இந்த நான்காம் வகை அதிகம் இருந்தது. வெள்ளைக்காரப் பெண்ணின் அளவை இயல்பு என்று வைத்துக்கொண்டு மற்றவர்களை நோயாளியாக்கும் பழைய பழக்கம் இங்கே நுழைந்தால் ஆய்வு கெட்டது.

இதற்குள் மறுபக்கத்தில் குற்றவாளி பிடிபட்டிருந்தான். ஹரால்ட் சுர் ஹவுசன் 1983-இலும் அடுத்த ஆண்டிலும் எச்.பி.வி. 16, 18 என்ற இரண்டு வைரஸ் வகைகளைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் திசுவில் காட்டினார். 2008-இல் நோபல் பரிசு. ஆனால் வைரஸ் மட்டும் போதாது. தொற்று வந்த பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் அது தானாகவே போய்விடுகிறது. மிச்சமுள்ளவர்களிடம்தான் தங்கி, செல்லின் காவல் புரதங்களைச் சிதைத்து, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தில் சி.ஐ.என். 1, 2, 3 என்று படி ஏறுகிறது. ஏன் சிலரிடம் மட்டும் தங்குகிறது? புகைப்பழக்கம், எதிர்ப்புசக்திக் குறைவு எல்லாம் சொல்லப்பட்ட பிறகும் விளங்காத மிச்சம் இருந்தது. அப்போதுதான் பழைய கோலை நினைத்துப் பார்த்தார்கள்.

2015-இல் லண்டனில் அனிதா மித்ராவும் குழுவினரும் 169 பெண்களின் மாதிரியை வைத்துக் கணக்கிட்டார்கள். லாக்டோபேசில்லஸ் குறைந்த நான்காம் வகைக் குடியிருப்பு, மாற்றம் எதுவும் இல்லாதவர்களில் 10 சதவீதம் பேரிடம். லேசான மாற்றம் உள்ளவர்களில் 21. தீவிர மாற்றம் உள்ளவர்களில் 27. புற்றுநோய் வந்தவர்களில் 40. கடைசி எண் ஐந்தே பேரை வைத்துச் சொன்னது என்பதால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு தலைப்புச் செய்தி போடுவது தப்பு. ஏறுமுகம்தான் கவனிக்க வேண்டியது. 2020-இல் அதே வழியில் இன்னொரு ஆய்வு: சி.ஐ.என். 2 இருந்தும் உடனே அறுவை செய்யாமல் கண்காணிப்பில் வைத்த 87 இளம் பெண்கள். ஆரம்பத்தில் லாக்டோபேசில்லஸ் ஆட்சியில் இருந்தவர்களுக்கு மாற்றம் தானாகப் பின்வாங்கும் வாய்ப்பு அதிகம் இருந்தது.

எப்படி என்று கேட்டால் பல பதில்கள். லாக்டோபேசில்லஸ் போன இடத்தில் குடியேறும் பாக்டீரியாக்கள் சளிப்படலத்தைத் தின்னும் நொதிகளை விடுகின்றன, சவ்வு மெலிகிறது, விடாத அழற்சி தொடங்குகிறது. வைரஸ் அடித்தள செல்லுக்குப் போக ஒரு சின்னக் கீறலும் போதும். ஐனெர்ஸ் இதில் இரு பக்கமும் பேசுகிற ஆள்: அமிலம் சுரக்கும், ஆனால் கிறிஸ்பேட்டஸ் தருகிற அமில வடிவங்களில் ஒன்றை மட்டுமே தரும்; செல்லில் ஓட்டை போடும் ஒரு நஞ்சும் அதனிடம் உண்டு. நல்ல நாளில் நண்பன், கெட்ட நாளில் சொல்ல முடியாது.

சங்கிலியைத் திருப்பிப் பிடிக்கவும் ஆள் உண்டு. பெல்ஜியத்தின் லியேஜ் நகர ஆய்வாளர்கள் 2022-இல் காட்டியது இது: சளிச்சவ்வு இயல்பாகச் சுரக்கும் தற்காப்புப் புரதத் துண்டுகளை லாக்டோபேசில்லஸ் உணவாகத் தின்கிறது, எச்.பி.வி. வந்து அந்தச் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. கோலுக்குப் பட்டினி. ஆக, பாக்டீரியா போனதால் வைரஸ் தங்கியதா, வைரஸ் தங்கியதால் பாக்டீரியா போனதா? இரண்டுமே நடக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதற்குள் கடைக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். அந்தரங்கக் கழுவுநீர் என்று வாசனை போட்ட புட்டிகள் மருந்துக் கடையில் வரிசையாக நிற்கின்றன. உள்ளே பீய்ச்சிக் கழுவுவது இந்தக் கோல்களை அடித்துக்கொண்டு போகும், மருத்துவர்கள் வேண்டாம் என்றே சொல்கிறார்கள். வெள்ளைப்படுதல் என்றாலே அசுத்தம் என்று பயந்து கழுவிக் கழுவி நாற்றத்தை வரவழைத்துக்கொண்டவர்கள் உண்டு. தயிரைத் தடவும் கைவைத்தியமும் நடக்கிறது. தயிர்ப் பாக்டீரியா தூரத்து உறவு, அவ்வளவுதான். அந்த இடத்தில் அது குடியிருக்காது.

ஒழுங்காகச் செய்து பார்த்த முயற்சி அமெரிக்காவில் நடந்தது. கிறிஸ்பேட்டஸின் ஒரு வகையைப் பொடியாக்கி, சின்னக் குழலால் உள்ளே இடும் மருந்து. நான்காம் வகைக் குடியிருப்பு தொல்லையாக மாறிய பாக்டீரியல் வஜைனோசிஸ் நோய்க்கு மெட்ரோனிடசோல் கொடுத்த பிறகு, 228 பெண்களில் பெரும்பகுதியினருக்கு அந்தப் பொடியும் மற்றவர்களுக்கு வெறும் பொடியும் தரப்பட்டன. 12 வாரத்தில் நோய் திரும்பியது மருந்துப் பொடி பெற்றவர்களில் 30 சதவீதம் பேருக்கு, மற்றவர்களில் 45 சதவீதம் பேருக்கு. 2020-இல் வெளியான இந்த முடிவு வஜைனோசிஸுக்கு மட்டுமானது. சி.ஐ.என். 2 கண்ட பெண்ணுக்கு அதே பொடி உதவுமா என்பதைத் தனியே சோதித்துத்தான் சொல்ல முடியும். அதுவரை, சி.ஐ.என். 3 என்று அறிக்கை வந்தால் மருத்துவர் மின்கம்பி வளையத்தால் அந்தத் திசுவை வெட்டி எடுப்பார். கோல்கள் இருந்தனவா, இல்லையா என்பது அவர் முடிவை மாற்றாது.