மைப்படியிலிருந்து திரைக்கு

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிற்சுவர்களில் சோழர் காலம் தொடங்கி வெட்டப்பட்ட கல்வெட்டுகள், கல்லை விட்டு நகராமலே ஆய்வாளரின் மேசைக்கு வந்து சேர்ந்ததற்கு மைப்படி எடுக்கும் தொழிலே காரணம். நனைத்த தாளைக் கல்லின்மீது ஒட்டி, எழுத்தின் பள்ளத்தில் தாள் படியுமாறு தூரிகையால் தட்டி, மேற்பரப்பில் மட்டும் மை ஒற்றினால், கரிய தளத்தில் எழுத்து வெள்ளையாகத் தெளியும். அத்தாளே மைப்படி எனப்படும். இக்கோயிலின் கல்வெட்டுகளைப் பி. ஆர். சீனிவாசன் பதிப்பிக்க, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990இல் நூலாக வெளியிட்டது. போட்டோஷாப் மென்பொருள் விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டில் என்பது தற்செயலே.

தாளிலுள்ள படம் கணினிக்குள் செல்ல ஸ்கேனர் வேண்டும். அதன் விளக்கு தாளின் நெடுக வரிவரியாக நகர, திரும்பிவரும் ஒளியின் அளவை உணரிகள் எண்களாக மாற்றுகின்றன. தொடக்கத்தில் ஒவ்வொரு ஸ்கேனரையும் ஒவ்வொரு மென்பொருளோடும் இணைக்கத் தனித்தனி நிரல் எழுத வேண்டியிருந்தமையால், ஆல்டஸ், கோடாக், ஹியூலட்-பேக்கார்டு, லாஜிடெக் உள்ளிட்ட நிறுவனங்கள் கூடி 1992இல் ‘ட்வெயின்’ என்னும் பொதுவிதியை வகுத்தன (சுருக்கப்பெயர் போலத் தோன்றினாலும், இது கிப்ளிங்கின் கவிதையிலிருந்து எடுத்த சொல்). இவ்விதிப்படி, கோப்பாகச் சேமித்துப் பின்னர் திறக்கும் இடைவேலை இன்றி, ஸ்கேனரின் இயக்குநிரல் படத்தரவை நினைவகத்தின் வழியே படத்திருத்த மென்பொருளிடம் நேரே ஒப்படைக்க முடியும். மைப்படியின் கருப்பையும் வெள்ளையையும் அங்கே இடம் மாற்றலாம், மங்கிய எழுத்தை அழுத்தமாக்கலாம். தட்டும்போது தாள் இறங்காத பள்ளத்தைப் படிக்க மட்டும் கோயிற்சுவருக்கே திரும்ப வேண்டும்.