எண்ணிக்கையும் விளக்கமும்: மட்டாஞ்சேரி மொழிநிலை தரும் பாடம்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் மலையாளத்துடன் கொங்கணி, தமிழ், குஜராத்தி, கச்சி முதலிய மொழிகள் மிகச் சிறிய பரப்பிற்குள் வழங்குகின்றன. கோவாவிலிருந்து வந்த கௌட சாரஸ்வதர் கொங்கணியைக் கொணர்ந்தனர். பரதேசி யூதர் 1568இல் தொழுகைக்கூடம் எழுப்பினர். பின்னர் கச்சி மேமன் வணிகரும் குடியேறினர். இத்தகைய ஊரின் மொழிநிலையை எண்ணிக்கையால் மட்டும் அறிய இயலுமா என்னும் வினாவிற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரலாறு விடை தருகிறது.

1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1652 தாய்மொழிகளைப் பட்டியலிட்டது. அதே கணக்கெடுப்பின் பகுதியாகக் கிராம ஆய்வு நூல்களும் வெளிவந்தன. எனினும் எண்களும் வருணனையும் தனித்தனித் தொகுதிகளாகவே அமைந்தன. 1971 முதல் 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகள் தனியே வெளியிடப்பெறவில்லை.

வகைப்பாடும் கருதத்தக்கது. கச்சி, சிந்தியின் கீழ்த் தொகுக்கப்பெறுகிறது. சௌராஷ்டிரம் குஜராத்தியின் கீழ் அமைகிறது. எனவே மொழி அட்டவணையை மட்டும் நோக்குவோர்க்குக் கச்சி மேமன் வணிகர் சிந்தி பேசுவோராகவே தோன்றுவர். மேலும், ஒருவருடைய குழந்தைப் பருவத்தில் தாய் அவரிடம் பேசிய மொழியே தாய்மொழி என வரையறுக்கப்பெற்றுள்ளது. இன்று வீட்டில் மலையாளமே பேசும் ஒருவர் இவ்வரையறையின்படி கொங்கணியராகவே எண்ணப்பெறலாம். ஆகவே தாய்மொழி எண்ணிக்கை வழக்கின் அளவைக் காட்டுவதாகாது.

யூத மலையாளத்தின் நிலை வேறு. பேசுவோர் அதனை மலையாளம் என்றே கூறும்போது கணக்கெடுப்பின் வினா அதனை எட்டுவதில்லை. 1948இல் இஸ்ரேல் தோன்றிய பின்னர் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். பெண்கள் ஏடுகளில் எழுதிக் காத்த பாடல்களும், அங்கு முதியோரிடையே நிகழ்ந்த களப்பணியுமே அவ்வழக்கின் இயல்பை ஆய்வுலகிற்கு உணர்த்தின. ஸ்கரியா சக்கரியா, ஓஃபிரா கம்லியேல் ஆகியோரின் பணி இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

எனினும் நேர்காணலும் தனித்து நின்றால் குறையுடையதே. நன்கு பேசும் முதியோர் சிலரை மட்டும் கண்டவர், மொழி செழித்திருப்பதாக முடிவு செய்யக்கூடும். எத்தனை இளைஞர் அதனைப் பேசுகின்றனர் என்பதை எண்ணிக்கையே காட்டும்.

எனவே ஆய்வுத் திட்டத்தில் இரு முறைகளும் ஒன்றையொன்று வழிநடத்த வேண்டும். முதலில், மக்கள் தம் மொழிக்கு வழங்கும் பெயர்களை நேர்காணலால் அறிதல் வேண்டும். அப்பெயர்களைக் கொண்டே வினாநிரலை அமைத்து, வீடு, கடை, கோயில் என்னும் களங்கள்தோறும் வயதுவாரியாகக் கணக்கிடுதல் வேண்டும். பொதுப் போக்கினின்று மாறுபடும் விடைகளைத் தந்தோரை மீண்டும் அணுகிக் காரணம் கேட்டல் இறுதிப் படியாகும். வினாநிரலை மொழிபெயர்ப்போர் ‘தாய்மொழி’, ‘வீட்டுமொழி’ என்பவற்றை வேறுபடுத்தாவிடில் இம்முயற்சி முழுவதும் பயனற்றுப் போகும். சிறு மொழிகளைப் பொறுத்தவரை, பிழைபட்ட வினாவைத் திருத்திக் கேட்க மறுவாய்ப்புக் கிட்டுவது அரிது.